கூரை ஒழுகவில்லை, மூட்டை எப்படி நனைந்தது?

கொட்டகை போட நினைக்கும் விவசாயி முதலில் விசாரிப்பது கூரையைப் பற்றித்தான். ஓலையா, ஓடா, தகரமா, சிமெண்ட் ஷீட்டா என்று நாலு பேரைக் கேட்பார். சவுக்குக் கழி போதுமா, பனை வாரை போடலாமா என்று யோசிப்பார். தரையைப் பற்றிக் கேட்பவர் அரிது. "மண்ணைக் கொட்டி மட்டம் பண்ணி, மேலே ரெண்டு அங்குலம் சிமெண்டு போட்டுட்டா ஆச்சு" என்பதோடு தரைப் பேச்சு முடிந்துவிடும். ஆனால் கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரையுள்ள கடலோரப் பகுதியில் மழைக்காலத்தில் விதைக்காய் கெட்டுப்போவதற்கு, நான் பார்த்த வரையில், கூரையைவிடத் தரையே பெரிய காரணமாக இருந்து வருகிறது.

இதை நான் ஒரு விவசாயியின் நஷ்டத்திலிருந்துதான் கற்றுக்கொண்டேன். அந்த நஷ்டத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சுமார் 25 ஆண்டுகளுக்கு முன்பு, விரிவாக்கப் பணிக்கு நான் புதிது. கோட்டக்குப்பத்துக்கு மேற்கே செம்மண் மேட்டில் மானாவாரி நிலக்கடலை பயிரிட்ட ஒரு பெரியவர், ஊர் எல்லையில் கடலோரமாக இருந்த தன் தோப்பில் புதிதாக ஒரு கொட்டகை போட்டிருந்தார். சவுக்குக் கழியில் சட்டம், மேலே சிமெண்ட் ஷீட், கீழே வழுவழுப்பான சிமெண்டுத் தரை. ஐப்பசி முதல் வாரத்தில் விதைக்காயை நன்றாக உலர்த்தி முப்பது மூட்டை அடுக்கினார். சாரல் படாமல் மேலே பாலிதீன் தாள் போர்த்தச் சொன்னது நான். போர்த்தினார். மார்கழிப் பட்டத்துக்கு விதைக்க மூட்டையை இறக்கியபோது மேல் அடுக்குகள் கலகலவென்று இருந்தன. தரையைத் தொட்டிருந்த அடுக்கில் கோணியே இற்றுப்போய், உள்ளே பச்சையும் மஞ்சளுமாகப் பூசணப் பொடி.

நான் போய்ப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "காய் சரியாகக் காயவில்லை" என்பதுதான். பெரியவர் கோபப்படவில்லை. "மேல் மூட்டையும் அதே களத்துல, அதே வெயில்ல காஞ்சதுதானே ஐயா? கூரையும் ஒரு சொட்டு ஒழுகலை. அப்ப தண்ணி எங்கேருந்து வந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு கையளவு தரையைக் கடப்பாறையால் பெயர்த்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சிமெண்டுக்குக் கீழே இருந்தது நுண்ணிய கடல் மணல். மழை நின்று பத்து நாள் ஆகியும் அது பிசைந்த மாவுபோல ஈரமாக இருந்தது. நான் போர்த்தச் சொன்ன பாலிதீன் தாள் நன்மைக்குப் பதில் தீமைதான் செய்திருந்தது. கீழிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் மூட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

பெரியவர் அடுத்துக் கேட்டது இன்னும் முக்கியமான கேள்வி. "சரி, விதைக்குத்தான் ஆகாது. செக்குல குடுத்து ஆட்டிட்டு, புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா?" இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. கூடவே கூடாது என்றேன். அந்தப் பச்சைமஞ்சள் பூசணம் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்பது. அது உண்டாக்கும் அப்ளாடாக்சின் என்னும் நச்சு ஈரலைத் தாக்கும். காயைக் கழுவினாலோ, பருப்பை வறுத்தாலோ அது முற்றிலும் போவதில்லை. ஆட்டும்போது பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், செக்கெண்ணெயிலும் ஓரளவு கலந்து வரும். புண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் அதன் ஒரு வடிவம் இறங்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோதுதான் இந்த நச்சு உலகுக்குத் தெரிய வந்தது. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் புண்ணாக்குதான் காரணம். நம் நாட்டில் 1974-ல் குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டங்களில் பருவம் தப்பிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே, பூசணம் பிடித்த மூட்டையில் நஷ்டத்தை ஈடுகட்டப் பார்க்கக் கூடாது. குழி தோண்டிப் புதைத்துவிடுவதே சரி. பெரியவர் ஏழு மூட்டையைப் புதைத்தார்.

ஈரம் ஏறும் வழி

அகல் விளக்கில் எண்ணெய் திரி வழியாக மேலே ஏறுவதைப் பார்க்கிறோம். மண்ணும் அப்படித்தான். மணல் துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் திரி நூல்போல வேலை செய்து, கீழே இருக்கும் நீரை மேலே இழுக்கின்றன. துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். பருமணலில் ஒரு சாணுக்குள் நின்றுவிடும். நுண்மணலில் முழக்கணக்கில் ஏறும். களிமண்ணில் ஆள் உயரத்துக்கும் ஏறும், மெதுவாக ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம். கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கிணற்றில் நீர் எட்டிப் பார்க்கும் தூரத்தில் நிற்கிறது. அப்போது தரை நனைவதற்கு மழைநீர் உள்ளே வர வேண்டும் என்பதில்லை.

சிமெண்டுத் தரை நீரைத் தடுக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. சிமெண்டுக் கலவையிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நீர் சொட்டாக வராவிட்டாலும் ஆவியாக மேலே வந்துகொண்டே இருக்கும். திறந்த தரையில் அது காற்றோடு போய்விடுவதால் தரை உலர்ந்ததாகவே தோன்றும். மூட்டையை வைத்து மூடிவிட்டால் அந்த ஆவி போக இடமில்லாமல் கோணியிலும் காயிலும் சேர்ந்துவிடுகிறது. நிலக்கடலைக் காயை 8 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி வைக்கச் சொல்கிறோம். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால், எவ்வளவு உலர்த்திய காயும் அந்த அளவில் நிற்காது. 80-ஐத் தாண்டினால் பூசணத்துக்குக் கொண்டாட்டம்.

கடலோர ஊர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்பு. பெரியவரின் தரைக்குக் கீழே இருந்தது கடல் மணல் என்று சொன்னேன். கலவைக்கும், தரை இறுகத் தண்ணீர் விடுவதற்கும் அவர் பயன்படுத்தியது உவர்க் கிணற்று நீர். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை வாங்கிக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடியில் எல்லோரும் பார்த்ததுதான் இது. கடலோரத்தில் ஏறக்குறைய எல்லா இரவும் காற்று அந்த அளவைத் தாண்டும். உப்பு ஏறிய தரை இரவில் நீரைக் குடித்துப் பகலில் விடும். அதற்கு நிலத்தடி நீர்கூடத் தேவையில்லை. கடற்கரை மணலை அள்ளுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், தானியக் கொட்டகைக்கு அது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். தரை ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் கொட்டகைத் தரை எப்படி என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒன்றரை அடி சதுரமுள்ள தெளிவான பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒரு பகல், ஒரு இரவு கழித்துப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தாளுக்குக் கீழே தரை கறுத்திருந்தாலோ ஈரம் பூமியிலிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் நனைந்திருந்தால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது என்று பொருள். உதகை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் இரண்டாவது வகையைக் காணலாம். நம் கடலோரத்தில் தரை அவ்வளவு குளிர்வதில்லை, ஆகவே பெரும்பாலும் முதல் வகைதான். இந்தச் சோதனையைக் கோடையில் செய்து பார்த்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம். கார்த்திகையில் செய்ய வேண்டும்.

கொட்டகை ஏற்கெனவே இருந்தால்

தரையை இடிக்க வேண்டியதில்லை. 250 மைக்ரான் கனமுள்ள, பழைய கணக்கில் 1,000 கேஜ் என்று கடையில் சொல்லும் பாலிதீன் தாளை வாங்கித் தரை முழுவதும் விரித்து, சுவர் ஓரத்தில் ஒரு சாண் மேலே மடித்துவிடுங்கள். இரண்டு தாள்கள் சேரும் இடத்தில் ஓரடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். உரச்சாக்கைப் பிரித்துத் தைத்து விரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தையல் துளை வழியாகவே ஆவி வந்துவிடும்.

தாளின் மேல் நேராக மூட்டையை அடுக்கக் கூடாது. காயிலிருந்து வெளிவரும் ஈரம் தாளில் தங்கி, அடி மூட்டை அங்கேயே வேர்க்கும். தாளுக்கு மேலே மரச்சட்டம் வேண்டும். பெரிய தானியக் கிடங்குகளில் மூட்டைகளுக்கு அடியில் மரச்சட்டங்கள் வைத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. நாலங்குலச் சவுக்குக் கழிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போட்டு, குறுக்கே பிளந்த மூங்கிலையோ பனஞ்சட்டத்தையோ அரை அங்குல இடைவெளி விட்டு ஆணி அடித்தால் போதும். கழியின் அடிப்பக்கத்தில் சிராம்பு, ஆணி முனை இல்லாமல் இழைத்துவிட வேண்டும், இல்லையென்றால் தாள் கிழியும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்க வேண்டும். 10 அடிக்கு 12 அடி அறையில் இப்படி இடம் விட்டால் ஏழுக்கு ஒன்பது அடி கிடைக்கும். அடுக்குக்குச் சுமார் பத்து மூட்டை, ஐந்து அடுக்கு வைக்கலாம். "இவ்வளவு இடத்தை வீணாக்கணுமா?" என்று கேட்பார்கள். அந்தச் சந்தில் ஆள் நடந்து எலி, கறையான், ஈரம் மூன்றையும் பார்க்க முடிகிறது. சுவரை ஒட்டி அடுக்கியவர் தை மாதம்தான் பார்க்கிறார்.

தாளுக்குக் கீழே உமி பரப்பலாமா என்று கேட்கிறார்கள். உமி நல்ல வெப்பத் தடுப்பான், ஈரத் தடுப்பான் அல்ல. ஈரம் ஏறினால் அதுவே பூசணத்துக்கும் எலிக்கும் இடமாகும். அடுப்புச் சாம்பல் கொஞ்ச நாள் ஈரத்தை வாங்கும், பிறகு அதுவும் நிறைந்துவிடும்.

புதிதாகத் தரை போடுவோருக்கு

முதலில் இடம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அன்று உங்கள் நிலத்தில் நீர் எதுவரை நின்றது என்று வீட்டில் உள்ளவர்களுக்கு நினைவிருக்கும். அந்த அடையாளத்துக்கு மேலே ஓரடியாவது உயர்ந்து நிற்கும்படி தரை மட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

மேல்மண்ணை அரையடி வேர், சருகோடு வெட்டி எடுத்துவிட்டு, செம்மண் கிராவலை அடுக்கடுக்காகப் போட்டு நீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். அதற்கு மேலே நாலங்குலத்துக்குப் பருமனான ஜல்லி, அல்லது நன்றாக வெந்த செங்கல் உடைசல். இதுதான் திரியை அறுக்கும் அடுக்கு. ஜல்லிக்கு நடுவே பெரிய இடைவெளி இருப்பதால் நீர் தொற்றி ஏற முடியாது. பொடி கலந்த ஜல்லியைப் போட்டாலோ, "இடுக்கு நிரம்பட்டும்" என்று மேலே நுண்மணலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினாலோ, அறுத்த திரியை நாமே முடிந்துவிட்டதாக ஆகும். கொத்தனார்கள் நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு இது, பக்கத்தில் நின்று பாருங்கள். ஜல்லியின் கூர்முனை தாளைக் கிழிக்காமலிருக்க, மேலே பழைய சாக்கை விரித்து, இரண்டங்குலம் பருமணல் போட்டு மட்டம் செய்தால் போதும். அதன் மேல் 250 மைக்ரான் பாலிதீன் தாள், சுவரோரம் தரை மட்டத்துக்கு மேலே வரும்படி மடித்து. அதற்கு மேல் மூன்றங்குலக் கான்கிரீட், நல்ல நீரில் கலந்தது.

10 அடிக்கு 12 அடிக் கொட்டகைக்கு ஜல்லி 40 கன அடி, பருமணல் 20 கன அடி, கான்கிரீட் 30 கன அடி, தாள் 12 அடிக்கு 14 அடி தேவைப்படும். இவற்றில் மிக மலிவானது தாள்தான். அதை மிச்சம் பிடிப்பவர்களே அதிகம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் பரப்பிய பூசா குதிரில், இரண்டு மண் சுவர்களுக்கு நடுவிலும் அடித்தளத்திலும் பாலிதீன் தாளை வைப்பதுதான் இரகசியம். அதற்கும் முன்னால் நம் வீடுகளில் இருந்த மரப் பத்தாயத்துக்குக் கால் இருந்தது. மண் குதிரைத் திண்டின் மேல் வைத்தார்கள். தானியம் பூமியைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் சிமெண்டு வந்த பிறகு மறந்தோம்.

மரத்தரை

நீர் மிகவும் மேலே நிற்கும் தாழ்ந்த இடத்தில், தரையை நிரப்பிச் செலவு செய்வதைவிட, கொட்டகையையே காலில் நிறுத்துவது நல்லது என்பது என் கருத்து. கருங்கல் அல்லது கான்கிரீட் கட்டைகளை மூன்றடி உயரத்துக்கு நிறுத்தி, அவற்றின் மேல் தாங்கு சட்டம், அதன் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சவுக்குக் கழி, மேலே பலகை அல்லது பனஞ்சட்டம். கட்டைகளுக்கு இடையே நாலடிக்கு மேல் போக வேண்டாம். வானூர்ப் பக்கம் குவாரிகள் இருப்பதால் கல்லுக்குப் பஞ்சமில்லை. சவுக்கை மட்டும் மண்ணில் நடாதீர்கள். மண்ணில் நட்ட சவுக்கு கறையானுக்கு இட்ட விருந்து. மூன்றடி உயரம் எலி தாவ முடியாத உயரமும் ஆகும். கட்டையின் தலையில் கவிழ்த்த புனல்போலத் தகரத்தை ஒரு சாண் வெளியே நீட்டி மாட்டினால் ஏறவும் முடியாது. ஏணியை இரவில் எடுத்துவிட வேண்டும்.

இந்தத் தரைக்குப் பாலிதீன் தாள் தேவையில்லை. கீழே ஓடும் காற்றே தடுப்பு. ஆனால் இரண்டு மாதத்தில் அந்த இடத்தில் விறகும், உடைந்த கலப்பையும், ஆட்டுக்குட்டியும் சேர்ந்துவிடும். காற்று நின்றால் பலகையின் அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம் படரும். கீழே காலியாக இருக்கட்டும். காற்று கீழே புகும் கொட்டகையைப் புயல் தூக்கிப் பார்க்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய காலையில் இந்தக் கரையோரம் பட்ட பாடு தெரிந்ததே. கான்கிரீட் கட்டைக்குள் இரும்புப் பட்டையைப் பதித்து, அதை மேலே மடக்கித் தாங்கு சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித் தோட்டத்தில் மரச்சட்டத்தில் தங்கும் அறை கட்டுவோரும் என்னிடம் கேட்கிறார்கள். குளிர்நாடுகளில் இப்படிப்பட்ட அறைகளின் தரைப் பலகைக்கு அடியில் கண்ணாடிப் பஞ்சோ நுரைப் பலகையோ வைத்து அடைக்கிறார்கள். அங்கே உள்வெப்பம் வெளியேறாமல் காக்க வேண்டும். நமக்கு அந்த அவசியம் இல்லை. தெர்மக்கோலை வாங்கிச் சட்டங்களுக்கு இடையே திணித்த ஒருவருடைய அறையில், அடுத்த ஆண்டு அது முழுவதும் எறும்புக் கூடாக இருந்தது. உயர்த்திக் கட்டி, கீழே காற்று விடுங்கள் என்பதே அவர்களுக்கும் நான் சொல்வது.

கறையானுக்காகத் தரைக்குக் கீழே மருந்து ஊற்றலாமா என்பது வழக்கமான கேள்வி. பழைய துண்டுப் பிரசுரங்களில் ஆல்ட்ரின், பி.எச்.சி. என்று எழுதியிருக்கும். இரண்டும் தடை செய்யப்பட்டுவிட்டன. பழைய டப்பா வீட்டில் கிடந்தால் அதைத் தொட வேண்டாம். விதையும் உணவும் வைக்கும் இடத்துக்குக் கீழே எந்த மருந்தையும் நான் சிபாரிசு செய்வதில்லை. சுவரோரச் சந்தை விட்டு, வாரம் ஒருமுறை விளக்கோடு சுற்றி வந்து, மண் கோடு தெரிந்தால் சுரண்டிவிட்டாலே பெரும்பாலும் போதும்.

கடைசியாகக் காலம். தாளுக்கு மேலே போட்ட கான்கிரீட்டின் ஈரம் கீழே இறங்க முடியாது, மேல்பக்கமாகத்தான் காய வேண்டும். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது உத்தேசக் கணக்கு. மூன்றங்குலத் தரைக்கு மூன்று மாதம் ஆகும். பெரியவர் ஆவணியில் தரை போட்டு ஐப்பசியில் மூட்டை அடுக்கினார், அதுவும் ஒரு தவறு. மறுமுறை பங்குனியில் தரையைப் பெயர்த்து, கடல் மணலை வாரி வெளியே கொட்டிவிட்டு, சித்திரையில் புதிதாகப் போட்டார். புரட்டாசி கடைசியில் பாலிதீன் துண்டை ஒட்டிப் பார்த்தோம். அடிப்பக்கம் உலர்ந்திருந்தது. இருந்தாலும் அந்த ஆண்டு அவர் சவுக்குச் சட்டத்தை எடுக்கவில்லை. கார்த்திகையில் இன்னொரு முறை ஒட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.